இருபத்திமூன்றாம் இடம்

மாநில மேசைக்கணினி மென்பொருள் கழகத்தில் பிரசீதாவுக்கு வேலை, படங்களைப் பார்த்துக்கொள்வது. சுவரில் மாட்டும் படங்களல்ல. கணினித் திரையில் பொத்தான்களின் மேல் குந்தியிருக்குமே, பிரிண்டர், பூட்டு, குப்பைத்தொட்டி, டிக் குறி, அந்தச் சின்னஞ்சிறு படங்கள். கூடவே எழுத்துருக்களும் அவள் பொறுப்பு. ஒரு எழுத்தின் சுழி கோணலாகத் தெரிந்தாலும், ஒரு பூட்டு கொஞ்சம் மங்கினாலும், "எங்கே அந்தப் படக்காரி?" என்று ஆள் வந்துவிடும்.

வேலைதான் பொறுப்பானது, வேலைக்காரி தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக ஒப்பந்தம் போடுவார்கள். அது முடிந்ததும் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் இந்தக் கட்டடத்தையே பார்த்திராதவளைப் போல வந்து சேர வேண்டும். ஒன்பது வருடமாக பிரசீதா வருடத்துக்கு இரண்டு தரம் இப்படிப் புதுப்பெண்ணாக வந்துகொண்டிருந்தாள். இந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. அதற்குள் நிரந்தரம் ஆகாவிட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் ஆக முடியாது. அதனால் அவளுக்குப் பயம். டைரக்டர் அறையில் மணி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். கழகத்தில் பயமில்லாமல் இருந்த ஒரே தற்காலிக ஜீவன் வாசலில் படுத்திருந்த நாய்தான். அதற்கு ஒப்பந்தம் கிடையாது.

கழகம் செய்து கொடுத்த மென்பொருளின் பெயர் கிராமதீபம். திருவனந்தபுரத்தில் செய்தது, மாநிலம் முழுக்க வில்லேஜ் ஆபீஸ்களில் எரிந்துகொண்டிருந்தது. முதியோர் பென்ஷன், விதவைப் பென்ஷன் விண்ணப்பங்களையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் புதுப்பிப்புகளையும் அதில்தான் தீர்க்க வேண்டும். அதன் பொத்தான்களில் வார்த்தை ஒன்றும் இருக்காது, படம் மட்டும்தான். ஆரம்பத்தில் வார்த்தைகளும் இருந்தன. 'நிராகரி' என்பது அதிகாரியைப் பார்த்துக் கட்டளையிடுகிற தொனியில் இருக்கிறது, 'நிராகரிக்கலாமே' என்று மாற்ற வேண்டும் என்று ஊழியர் சங்கம் வழக்குப் போட்டது. தீர்ப்பு வரும்வரை வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். அழுத்தினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். முடிவு என்னவென்று விண்ணப்பித்தவரின் கைபேசிக்குத்தான் செய்தி போகும். அதை அனுப்புவது வேறு துறை, அங்கே வழக்கு இல்லை.

கழகத்துக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. மற்ற அலுவலகங்களில் ஓய்வு பெறும் தலைவருக்குச் சுவரில் படம் மாட்டுவார்கள். இது மென்பொருள் கழகம் அல்லவா, அதனால் மென்பொருளுக்குள் மாட்டுவார்கள். முதல் டைரக்டர் குடை இல்லாமல் வெளியே இறங்காதவர். அவர் ஞாபகமாகக் 'காப்பாற்றி வை' என்பதற்குக் குடை வந்தது. இரண்டாமவரின் மூக்குக்கண்ணாடி 'தேடு' ஆயிற்று. மூன்றாமவர் தன் அம்பாசடர் காரைக் கொடுத்தார், அது 'அனுப்பு'. நாலாமவர் சத்யபாலன் இந்த மாதிரி சாமான்களில் திருப்திப்படவில்லை. தன் முகத்தையே வைக்கச் சொன்னார், அதுவும் டிக் குறிக்கு முன்னால். விண்ணப்பதாரரின் விவரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சத்யபாலனின் மூக்கில்தான் அழுத்த வேண்டும். கிராமதீபம் அப்போது வெளியே வந்திருக்கவில்லை, அதனால் யாருக்கும் சேதமில்லை.

சத்யபாலன் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை பத்திரிகையில் அவர் முகம் வந்தது. அவர் வீட்டு அரிசிப் பானைக்குள்ளிருந்து விஜிலென்ஸ்காரர்கள் கட்டுக்கட்டாக நோட்டு எடுத்திருந்தார்கள். அன்று முற்பகலே டைரக்டர் அறையில் மணி அடித்தது.

உள்ளே டைரக்டர் வாமதேவன் நாயர் இருந்தார். பக்கத்தில் நிர்வாக அதிகாரி தாமஸ் குருவிளா. நாயருக்கு என்ன தோன்றினாலும் அதற்கு ஒரு விதி எடுத்துக் கொடுப்பது குருவிளாவின் வேலை.

"பிரசீதா, அந்தக் கள்ளன் மூஞ்சி இன்னும் நம்ம சாஃப்ட்வேர்ல இருக்கா?" என்றார் நாயர்.

"இருக்கு சார். இருபத்திமூணாவது இடத்துல."

"எடுத்துடு."

பிரசீதா ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், சட்டுனு எடுத்துட்டா ஆபத்து சார். எல்லாப் படத்தையும் எழுத்து மாதிரி ஒரே எழுத்துருவுக்குள்ள வரிசையா நிறுத்தியிருக்கு. புரோகிராமுக்குப் படம் தெரியாது, இடம்தான் தெரியும். இருபத்திநாலக் காட்டுன்னு கேக்கும், அங்க நிக்கிற டிக் வரும். நடுவுல ஒருத்தர உருவிட்டா பின்னால இருக்கறவங்க எல்லாரும் ஒரு இடம் முன்னால வந்துடுவாங்க. மதுக்கடை வரிசை மாதிரி."

"எந்த வரிசை?" என்றார் குருவிளா.

"ரேஷன் கடை வரிசை சார்."

"முன்னால வந்தா நல்லதுதானேம்மா," என்று நாயர் சிரித்தார். "ஒருத்தன் வீட்டுக்குப் போனா பின்னால இருக்கறவனுக்குப் பிரமோஷன். நான் டைரக்டரானதே அப்படித்தான்."

"முகத்த எடுத்துட்டு அந்த இடத்துல வெத்துப் படம் ஒண்ணு வெச்சுடறேன் சார். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, இடம் மட்டும் இருக்கும்."

குருவிளா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் விதி பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"ஆள் இல்லாம இடம் இருந்தா அதுக்குப் பேரு காலியிடம். காலியிடம்னா தேர்வாணையத்துக்கு எழுதணும். அவங்க அறிவிப்பு போடணும், பரீட்சை வைக்கணும், இனச்சுழற்சிப்படி யாருக்கு வருதுன்னு பார்க்கணும். இதெல்லாம் யாரு செய்யறது? நீ செய்வியா?"

"அப்ப வேற யாரோட படமாவது..."

"டைரக்டர் இருந்த எடத்துல டைரக்டர்தான் உக்காரலாம்," என்றார் நாயர். "நான் இன்னும் ரிட்டையர் ஆகல. அதுக்குள்ள என்னைத் தூக்கி அங்க வெச்சுடலாம்னு பாக்கறியா?"

"ஐயோ இல்ல சார். அப்படின்னா புரோகிராமுக்குள்ள நம்பர மாத்தணும்."

"அத எழுதினவன் எங்க?"

"கனடாவுல சார்."

"அப்ப அதத் தொடாதே. எழுதினவன் பக்கத்துல இல்லாத எதையும் இந்த ஆபீஸ்ல தொடக்கூடாது." நாயர் விரலை நீட்டினார். "இப்ப எண்பத்தோரு படம் இருக்கு. தணிக்கைக்காரர் வந்து எண்ணும்போது எண்பது இருக்கணும். ஊழல்ல ஒண்ணு குறைஞ்சிருக்குன்னு கணக்குல தெரியணும். இத முடிச்சுக் குடு, உன் நிரந்தர ஃபைல நானே கையில எடுக்கறேன். முடியாதுன்னா சொல்லு. உன் ஒப்பந்தம் இந்த வெள்ளிக்கிழமையோட முடியுதில்ல?"

"முடிச்சுடறேன் சார்," என்றாள் பிரசீதா.

முகத்தை எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். விவரம் பார்க்கும் பொத்தான் மேல் இப்போது டிக் குறி ஏறி உட்கார்ந்திருந்தது. அனுமதிக்கும் பொத்தான் மேல் குப்பைத்தொட்டி. நிராகரிக்கும் பொத்தான் மேல் பிரிண்டர். பிரிண்ட் எடுக்கும் பொத்தான் மேல் பூட்டு. இப்படியே எல்லாரும் ஒரு படி முன்னேறிக் கடைசி வரைக்கும் போயிருந்தார்கள். கடைசியில் நிற்க ஆள் இல்லாததால், 'வெளியேறு' பொத்தான் மேல் கதவுக்குப் பதிலாக ஒரு வெறும் கட்டம் தெரிந்தது. மறுபடி டைரக்டர் அறை வாசல் வரை போனாள். உள்ளே குருவிளா வெளியீட்டு விழாவுக்குப் பழம்பொரி போதுமா, கட்லெட்டும் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

கழகத்தில் எந்தப் புதுப் பதிப்பும் விழா இல்லாமல் வெளியே போகாது. டைரக்டரின் சாவியைக் கணினியில் செருகினால்தான் அது வில்லேஜ் ஆபீஸ்களுக்குப் போய்ச் சேரும், சாவியை மேடையில்தான் செருகுவார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். செண்டை அடித்தார்கள். நாயர் மைக்கைப் பிடித்தார்.

"மற்ற துறைகளில் ஊழல் செய்தவரை நீக்க வருடக்கணக்கில் விசாரிக்கிறார்கள். நாங்கள் விசாரிக்கவே இல்லை. யோசிக்கக்கூட இல்லை. இந்தக் கழகத்தில் நாங்கள் எதையும் யோசித்துச் செய்ததில்லை என்பதை இன்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். பிரசீதாவும் தட்டினாள். சாவி உள்ளே போனது, டிங் என்றது. அவளுக்குக் கொடுத்த பழம்பொரியை வாசல் நாய்க்குப் போட்டாள்.

இரண்டு வாரம் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரம் கோழிப்பாறை வில்லேஜ் ஆபீஸிலிருந்து நசீமா பீவி கூப்பிட்டாள். அங்கே அவள்தான் வில்லேஜ் ஆபீசர். எழுத்துரு தகராறு வந்தபோதெல்லாம் பிரசீதாவோடு போனில் பேசிப் பேசிப் பழக்கம்.

"மோளே, என்ன எழவு பண்ணி வெச்சிருக்கீங்க? ஊருக்குள்ள என்னால தலை காட்ட முடியல. விதவைப் பென்ஷனுக்கு எழுதின பதினஞ்சு பேருக்கும் டிக்குதான் அழுத்தினேன். பதினஞ்சு பேருக்கும் நிராகரிப்புன்னு மெசேஜ் போயிருக்கு. நேத்து ஒருத்தி மீன் கூடையோட வந்து என் மேசை மேலயே வெச்சுட்டுப் போயிட்டா. நாத்தம் இன்னும் போகல."

பிரசீதா தன் திரையில் கிராமதீபத்தைத் திறந்தாள். "சேச்சி, டிக்க அழுத்தினதும் என்ன ஆச்சு?"

"அந்தப் பொம்பளையோட விலாசம், போட்டோ எல்லாம் வந்துச்சு. சரி, வேலை முடிஞ்சதுன்னு ஃபைலுக்கு ஒரு காப்பி வேணுமேன்னு பிரிண்ட் குடுத்தேன். டிங்னுச்சு. பேப்பர் வரல. மறுபடி குடுத்தேன். மறுபடியும் டிங்."

"பிரிண்டர் படத்த அழுத்தாதீங்க சேச்சி," என்று வாய்வரை வந்தது. அவள் மேசைப் பக்கமாகக் குருவிளா காப்பிக் கோப்பையோடு போய்க்கொண்டிருந்தார். பிரசீதா குரலைத் தாழ்த்தி, "நான் பாக்கறேன் சேச்சி," என்றாள்.

"நீ என்னத்தப் பாப்பே? இன்னொண்ணு கேளு. போன வருஷமே மய்யத்தான பரீது மாப்ளைக்கு யாரோ பென்ஷன் கேட்டு எழுதியிருந்தான். நான் குப்பைல போட்டேன். அவருக்கு மாசாமாசம் பென்ஷன் அனுமதிச்சாச்சாம். உசிரோட இருக்கறவளுக்கு இல்ல, கபர்ல இருக்கறவருக்கு உண்டு. நல்லாயிருக்கு உங்க தீபம்!"

எல்லா ஊரிலிருந்தும் இதே கதை. ஆனால் கழகத்துக்குப் புகார் ஒன்றும் வந்து சேரவில்லை. புகாரையும் கிராமதீபத்தில்தான் பதிய வேண்டும், பதிந்தால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எல்லாரும் விதிப்படி நகல் எடுத்தார்கள். எல்லாப் புகாரும் அங்கேயே நிராகரிக்கப்பட்டது. தபாலில் வந்த ஒரே புகார், வெளியேறும் இடத்தில் கதவைக் காணோம், ஒரு கட்டம்தான் இருக்கிறது என்பது.

கதவு விஷயத்தைக் கழகம் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டது. குழு அமைத்தார்கள். குழு மூன்று மாவட்டங்களுக்குப் போய்க் கட்டத்தை நேரில் பார்த்தது, ஒரு மாவட்டத்தில் காயலில் படகும் ஏறியது. பிறகு எல்லா வில்லேஜ் ஆபீசுக்கும் திரையில் ஒட்டிக்கொள்ளும்படி கதவுப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று அனுப்பினார்கள். கூடவே குருவிளா எழுதிய சுற்றறிக்கையும் போனது. 'படங்கள் அனைத்தும் சரியாகவே உள்ளன. படம் ஒன்றாகவும் பலன் வேறாகவும் தெரிந்தால் அது பார்ப்பவரின் கோளாறு. அப்படிப் பார்ப்பவர்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.'

பிரசீதா சாப்பிடுவதைக் குறைத்தாள். கண்ணை மூடினால் மீன் கூடையைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். அந்தப் பெண்ணின் சோறு தன் ஒரு நிமிஷ வேலையில் போனதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பாள். சொன்னால் யார் எடுத்தது என்று கேட்பார்கள். எடுக்கச் சொன்னவர் நிரந்தரம், எடுத்தவள் தற்காலிகம். உட்கார்ந்துவிடுவாள்.

பயந்தபடி விசாரணை வரவில்லை. அதைவிட மோசமாக விருது வந்தது. ஒரே காலாண்டில் பென்ஷன் செலவு பாதியாகக் குறைந்திருப்பதை நிதித்துறை கண்டுபிடித்துவிட்டது. நாயருக்குப் பொன்னாடை போர்த்தி, வெண்கலத்தில் ஒரு விளக்கும் கொடுத்தார்கள். அவர் மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"இத்தனை வருடம் இத்தனை தகுதியில்லாத விதவைகள் பணம் வாங்கிக்கொண்டிருந்ததை எந்த அதிகாரியாவது கண்டுபிடித்தாரா? எங்கள் மென்பொருள் கண்டுபிடித்தது. எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்கிறார்கள். அது எங்களுக்கே தெரியாது. தெரியாமலே இவ்வளவு செய்கிறோம் என்றால், தெரிந்தால் எவ்வளவு செய்வோம்! இனிமேல் கழகத்தின் சொந்தக் கோப்புகளும் கிராமதீபத்திலேயே நகரும். ஊருக்கு வடித்த சோற்றை நாமும் ஒரு வாய் உண்ண வேண்டாமா?"

கூட்டத்தின் கடைசி வரிசையில் கைதட்டப் போன பிரசீதா பாதியில் நிறுத்திக்கொண்டாள். கழகத்தில் அப்போது நகர வேண்டியிருந்த சொந்தக் கோப்பு ஒன்றே ஒன்றுதான். அவளுடைய நிரந்தரக் கோப்பு.

நாயர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாளே மணி அடித்தார். பிரசீதா போனபோது அவர் கணினியில் அவள் கோப்பு திறந்திருந்தது. குருவிளா பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா, வா. ஒன்பது வருஷமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத பொண்ணு. உன்ன மாதிரி ஆளுங்கதான் இங்க நிரந்தரமா இருக்கணும். இதோ பாரு, உன் கண்ணு முன்னாலயே செய்யறேன்."

டிக் குறியை அழுத்தினார். பிரசீதாவின் போட்டோவும் விலாசமும் பெரிதாக வந்தன.

"போட்டோல நல்லா இருக்கே. முடிஞ்சது. ஆனா ஒண்ணு, என் கையால போற எந்த ஃபைலுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கறது என் வழக்கம்."

அம்புக்குறி பிரிண்டர் படத்தை நோக்கி நகர்ந்தது.

"சார், வேண்டாம்!" என்று பிரசீதா அலறினாள். தன் குரலா இது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "அத அழுத்தாதீங்க சார். அது நிராகரிப்பு. படமெல்லாம் ஒரு இடம் தள்ளி நிக்குது. அந்த முகத்த எடுத்த அன்னிக்கே தள்ளிடுச்சு. நான்தான் எடுத்தேன். விதவைங்கள சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கல சார், நாமதான் அவங்க சோத்துல மண்ணப் போட்டோம். உங்களுக்குக் குடுத்த விருதே தப்பு சார்."

ஒன்பது வருடமாக எந்த வார்த்தைகளைச் சொல்லப் பயந்தாளோ, எல்லாம் வெளியே கொட்டிவிட்டன. கூரை இடிந்து விழும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது நாயர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சந்தோஷத்துல என்னென்னமோ பேசறா," என்றார் குருவிளாவிடம். "என் மக கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் உளறினா."

"சுற்றறிக்கைப்படி இது பார்ப்பவரின் கோளாறு சார்," என்றார் குருவிளா. "ஆனா இன்னிக்கு நல்ல நாள், மன்னிச்சுடலாம்."

"உக்காரும்மா. தண்ணி குடி." அம்புக்குறி மறுபடி பிரிண்டரை நோக்கி நகர்ந்தது.

பிரசீதாவுக்கு அப்போது விளங்கியது. உண்மையைச் சொன்னால் இங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. இதற்காகவா இத்தனை நாள் நடுங்கினோம் என்று நினைக்கக்கூட நேரமில்லை. அனுமதி இருப்பது குப்பைத்தொட்டியில், அவர் கை அங்கே போயாக வேண்டும். அதில் போடுங்கள் என்று கெஞ்சினால் தண்ணீர்தான் கொடுப்பார்கள். போட வேண்டுமென்று அவருக்கே வெறி வர வேண்டும். அவள் எழுந்து நின்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்யபாலன் சார் இருந்தப்ப இந்த நாற்காலிக்கு ஒரு மரியாதை இருந்துச்சு," என்றாள்.

அம்புக்குறி நின்றது.

"என்ன சொன்னே?"

"அவர் திருடினார். ஆனா டைரக்டர் மாதிரி இருந்தார். ஒரு முகம்னு வெச்சா ஊர் முழுக்க அழுத்தற மாதிரி ஒரு களை. உங்க முகத்த வெச்சா யார் சார் அழுத்துவா? டிக்குக்குப் பக்கத்துல வெச்சா டிக்கே தப்பாத் தெரியும்."

குருவிளா கண்ணாடியைக் கழற்றினார். இதற்கு எந்த விதி என்று அவருக்கு அகப்படவில்லை. நாயரின் முகம் சிவந்து, கறுத்து, மறுபடி சிவந்தது.

"திமிரு! ஒன்பது வருஷமாப் பாம்புக்கா பால் வார்த்தேன்? உனக்கா நிரந்தரம்? நீ நாளைக்கு இந்த வாசல்ல காலெடுத்து வெச்சுடு, பாக்கறேன். உன் எடம் எதுன்னு காட்டறேன். இந்தா, இதான் உன் எடம்!"

குப்பைத்தொட்டியை ஓங்கி அழுத்தினார். டிங்.

அடுத்த மூச்சில் பிரசீதாவின் கைக்குள் இருந்த போன் அதிர்ந்தது. அவள் குனிந்து பார்த்தாள். 'தங்கள் கோரிக்கை அனுமதிக்கப்பட்டது. வாழ்த்துகள்.' அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழுததைப் பார்த்து நாயருக்குக் கோபம் கொஞ்சம் ஆறியது.

மறுநாள் நியமன உத்தரவு தலைமைச் செயலகத்திலிருந்து வந்து சேர்ந்தபோதுதான் டைரக்டர் அறைக்குள் கூச்சல் கேட்டது. வெளியே பெஞ்சில் பிரசீதா உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கு வழியாகக் குருவிளாவின் நிதானமான குரல் வந்தது.

"ரத்து பண்ணலாம் சார். ஆனா காரணம் எழுதணும். குப்பைத்தொட்டிய அழுத்தினேன், அனுமதி ஆயிடுச்சுன்னு எழுதணும். எழுதினா சுற்றறிக்கைப்படி உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். விருதையும் திருப்பிக் குடுக்கணும், விளக்கோட சேர்த்து. அதனால, நீங்க அனுமதிதான் குடுத்தீங்க சார். மனசாரக் குடுத்தீங்க."

உத்தரவை நாயரே கொடுத்தார். பொன்னாடையும் போர்த்தினார். போர்த்தும்போது கழுத்தை இறுக்குகிறாரோ என்று பிரசீதா பயந்தாள். அவர் காதருகில் குனிந்து, "மார்ச்ல நான் ரிட்டையர் ஆகறேன். என் முகத்துக்குக் களை இருக்கா இல்லையான்னு ஊர் சொல்லட்டும். எங்க வெப்பே?" என்றார்.

"சத்யபாலன் சார் இருந்த இடத்துல, சார்."

அதுவரை அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் விளக்கு ஏற்றி, செண்டை அடித்து, வாமதேவன் நாயரின் முகத்தை இருபத்திமூன்றாம் இடத்தில் ஏற்றினார்கள். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி இறங்கினார்கள். டிக் டிக்காகவும், குப்பை குப்பையாகவும், கதவு கதவாகவும் ஆயின. மேடைக்குப் பின்னாலிருந்து பிரசீதா போன் செய்தாள்.

"சேச்சி, இப்பலேருந்து படத்த நம்பலாம். எல்லா ஆபீசுக்கும் சொல்லிடுங்க."

"அப்ப நேத்து வரைக்கும்?" என்றாள் நசீமா.

"நேத்து வரைக்கும் தப்பு. நான் பண்ணின தப்பு. அந்த மீன்காரம்மாவ மறுபடி எழுதச் சொல்லுங்க சேச்சி."

"அவகிட்ட நீயே வந்து சொல்லு," என்றாள் நசீமா. "கூடைக்கு வேற ஒரு மேசையும் பாத்து வை."

பென்ஷன் பழையபடி போக ஆரம்பித்தது. செலவு ஏறியது. நிதித்துறை கோபப்பட்டது. புதிதாக வந்த டைரக்டர் காரணம் கேட்டார், குருவிளா கண்ணாடியைக் கழற்றிக் காரணம் சொன்னார். "வாமதேவன் நாயர் முகம் ஏறின நாள்லேருந்துதான் சார் இப்படி."

மணி அடித்தது. "அந்த மூஞ்சிய எடுத்துடு. எண்பத்தொண்ணு எண்பதாகணும்," என்றார் புது டைரக்டர்.

"சரி சார்," என்றாள் பிரசீதா.

முகத்தை எடுத்தாள். அந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுப் படத்தை நிறுத்தினாள். யாரிடமும் கேட்கவில்லை. விழா நடந்தது. தணிக்கைக்காரர் வந்து விரல் விட்டு எண்ணினார். தெரியாத படத்தை அவர் எண்ணவில்லை. எண்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பழம்பொரி தின்றார். நசீமாவின் ஆபீசில் டிக் டிக்காகவே இருந்தது.

முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். அன்றைக்கும் இதே கைதான், இதே வெற்றுப் படம்தான். அந்த நியமன உத்தரவு மட்டும் அன்றைக்கு இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, அது உள்ளே இருக்கிறதா என்று பிரசீதா ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.